சேர்மங்களுக்குப் பெயர் வைப்பது எப்படி? உப்பளத்திலிருந்து மணவாளக்குறிச்சி மணல் வரை, பிள்ளைகள் கேட்கும் கேள்விகள்

கன்னியாகுமரி மாவட்டம் தக்கலைப் பக்கம் மாலை நேரத்தில் பத்து, பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வேதியியல் சொல்லிக்கொடுக்கிறேன். வருடா வருடம் ஒரே இடத்தில்தான் அவர்கள் தடுமாறுகிறார்கள். "டீச்சர், கார்பன் டை ஆக்சைடுன்னு சொல்றோம், கால்சியம் டை குளோரைடுன்னு ஏன் சொல்லக்கூடாது?" நியாயமான கேள்வி இது. இதற்குப் பதில் சொல்லாமல் விதிகளை மட்டும் மனப்பாடம் செய்யச் சொன்னால், பரீட்சை முடிந்த மறுநாளே எல்லாம் மறந்துபோகும். அதனால்தான் வகுப்பில் வந்த கேள்விகளையும் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

படிக்கும் முன் ஒரு விஷயம். வாய்ப்பாடுகளை இங்கே சொற்களாகவே சொல்லியிருக்கிறேன்: "இரும்பு 2, ஆக்சிஜன் 3" என்றால் இரண்டு இரும்பு அணுவுக்கு மூன்று ஆக்சிஜன் அணு. பாடப்புத்தகத்தில் உலோகத்தின் பெயருக்குப் பின்னால் அடைப்புக்குறிக்குள் ரோம எண் வரும். அதை இரும்பு(2), இரும்பு(3) என்று சாதாரண எண்ணில் எழுதியிருக்கிறேன்.

பெயர் வைக்க எங்கிருந்து தொடங்க வேண்டும்?

வாய்ப்பாட்டின் முதல் இடத்தில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். உலோகமோ அம்மோனியமோ இருந்தால் அயனிச் சேர்மத்தின் விதி. இரண்டும் அலோகம் என்றால் சகப்பிணைப்புச் சேர்மத்தின் விதி. பள்ளிப் பாடத்தில் வரும் பெரும்பாலான சேர்மங்களை இந்த ஒரு கேள்வியே பிரித்துவிடும்.

விதிகள் வேறு வேறாகத் தெரிந்தாலும் அவற்றுக்குள் ஒரே எண்ணம்தான் ஓடுகிறது. கேட்பவர் தானாகக் கணக்குப் போட்டுக் கண்டுபிடிக்கக்கூடியதைப் பெயர் சொல்வதில்லை. கண்டுபிடிக்க முடியாததை மட்டும் சொல்லும். இதைப் பிடித்துக்கொண்டால் கீழே வரும் எல்லாவற்றுக்கும் காரணம் தெரிந்துவிடும்.

அயனிச் சேர்மத்துக்கு எப்படிப் பெயர் வைப்பது?

புத்தளம், சாமித்தோப்புப் பக்கம் போனால் பாத்தி பாத்தியாக உப்பு விளைவதைப் பார்க்கலாம். அந்த உப்பையே எடுத்துக்கொள்வோம். சோடியம் ஓர் எலக்ட்ரானை விட்டுக்கொடுத்து நேர் அயனி ஆகிறது. குளோரின் அதை வாங்கிக்கொண்டு எதிர் அயனி ஆகிறது. முதலில் நேர் அயனியின் பெயர், மாற்றம் இல்லாமல்: சோடியம். அடுத்து எதிர் அயனி, ஈறு மட்டும் 'ஐடு' என்று மாறி: குளோரைடு. அவ்வளவுதான், சோடியம் குளோரைடு.

இதே போல ஆக்சிஜன் ஆக்சைடு ஆகும், சல்பர் சல்பைடு, நைட்ரஜன் நைட்ரைடு, பாஸ்பரஸ் பாஸ்பைடு, கார்பன் கார்பைடு. பழம் பழுக்க வைக்கக் கூடாது என்று தடை செய்திருக்கிறார்களே, அந்தக் கார்பைடு கல்லின் முழுப்பெயர் கால்சியம் கார்பைடு.

கால்சியம் குளோரைடில் குளோரின் இரண்டு இருக்கிறதே. 'டை' எங்கே போயிற்று?

தேவையில்லை என்பதால் இல்லை. கால்சியம் அயனியின் மின்சுமை எப்போதும் கூட்டல் 2. குளோரைடின் மின்சுமை எப்போதும் கழித்தல் 1. மொத்தம் சைபர் ஆக வேண்டுமென்றால் ஒரு கால்சியத்துக்கு இரண்டு குளோரைடு வந்தே தீர வேண்டும். வேறு வழி கிடையாது. கால்சியம் குளோரைடு என்று சொன்னவுடனே கேட்பவருக்கு 1, 2 என்ற விகிதம் தெரிந்துவிடுகிறது. தெரிந்ததை எதற்குத் திரும்பச் சொல்வது?

கார்பனும் ஆக்சிஜனும் அப்படி இல்லை. ஒன்றுக்கு ஒன்றாகவும் சேரும், ஒன்றுக்கு இரண்டாகவும் சேரும். 'கார்பன் ஆக்சைடு' என்று மட்டும் சொன்னால் எது என்று தெரியாது. அங்கே எண்ணிக்கையைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

உப்பில் மூலக்கூறு கிடையாது என்கிறார்களே, அது உண்மையா?

உண்மை. இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசிக்கப் பிள்ளைகளிடம் சொல்வேன். ஒரு கல்லுப்பை எடுத்தால் அதற்குள் 'ஒரு சோடியம், ஒரு குளோரின்' என்று ஜோடி ஜோடியாகப் பிரிந்து இருப்பதில்லை. ஒவ்வொரு சோடியம் அயனியையும் சுற்றி ஆறு குளோரைடு, ஒவ்வொரு குளோரைடையும் சுற்றி ஆறு சோடியம், இப்படியே மூன்று பக்கமும் அடுக்கிக்கொண்டு போகிறது. 1 கிராம் உப்பில் ஏறத்தாழ 1-க்குப் பின்னால் 22 சைபர் போட்ட அளவுக்குச் சோடியம் அயனிகள் உண்டு, அதே அளவு குளோரைடும் உண்டு. அந்தக் கூட்டத்தில் எந்தக் குளோரைடு எந்தச் சோடியத்துக்குச் சொந்தம் என்று சொல்ல முடியாது. விகிதம் மட்டும்தான் நிச்சயம்.

அயனிச் சேர்மத்தின் பெயரில் எண்ணிக்கை வராததற்கு இது இன்னொரு காரணம். கார்பன் டை ஆக்சைடு வேறு மாதிரி. அங்கே ஒரு கார்பனும் இரண்டு ஆக்சிஜனும் சேர்ந்த தனி மூலக்கூறு உண்டு. பெயர் அந்த மூலக்கூறை எண்ணிச் சொல்கிறது.

பெயரிலிருந்து வாய்ப்பாட்டை எழுதுவது எப்படி?

மின்சுமைகளைச் சமன் செய்யுங்கள். அலுமினியம் கூட்டல் 3, ஆக்சைடு கழித்தல் 2. இரண்டும் சந்திக்கும் எண் 6. ஆக, அலுமினியம் 2, ஆக்சிஜன் 3. எண்களைக் குறுக்கே மாற்றிப் போட்டாலும் இதுவே வரும். ஆனால் குறுக்கே போட்டபின் சுருக்க மறக்கக்கூடாது: மெக்னீசியம் ஆக்சைடு 2, 2 அல்ல, 1, 1. ஹைட்ராக்சைடு போன்ற கூட்டு அயனி ஒன்றுக்கு மேல் வந்தால் அதை அடைப்புக்குறிக்குள் போட்டு வெளியே எண் எழுத வேண்டும். கால்சியம் ஹைட்ராக்சைடில் அடைப்புக்குறியை விட்டுவிட்டால் ஆக்சிஜன் ஒன்று, ஹைட்ரஜன் இரண்டு என்று தப்பாகிவிடும்.

இரும்புக்கு மட்டும் ஏன் பக்கத்தில் எண் போடுகிறோம்?

இரும்புக்கு ஒரே மின்சுமை இல்லை. கூட்டல் 2 ஆகவும் இருக்கும், கூட்டல் 3 ஆகவும் இருக்கும். 'இரும்பு குளோரைடு' என்றால் குளோரின் இரண்டா மூன்றா என்று கணக்குப் போட வழியில்லை. அதனால் எந்த இரும்பு என்பதைப் பெயரே சொல்ல வேண்டியிருக்கிறது.

முட்டத்தில் கடலோரமாகச் செக்கச் சிவந்த மணல்மேடுகளைப் பார்த்திருப்பீர்கள். அந்தச் சிவப்பு, மணல் துகளின் மேல் படிந்த இரும்பு ஆக்சைடின் நிறம். அதன் வாய்ப்பாடு இரும்பு 2, ஆக்சிஜன் 3. ஆக்சிஜன் ஒன்றுக்குக் கழித்தல் 2 என்றால் மூன்றுக்கு 6. அந்த ஆறை இரண்டு இரும்புகள் ஈடுகட்ட வேண்டும், ஆளுக்கு 3. எனவே பெயர் இரும்பு(3) ஆக்சைடு. குளச்சலில் கரையேற்றிப் போட்ட பழைய நங்கூரத்தில் பிடித்திருக்கும் துருவும் இந்த வகைதான், கூடவே தண்ணீர் சேர்ந்திருக்கும்.

அன்னபேதி என்று நாட்டு மருந்துக் கடையில் பச்சை நிறத்தில் விற்பார்கள். அது இரும்பு(2) சல்பேட். பல இரும்புச் சத்து மாத்திரைகளின் அட்டையில் 'பெர்ரஸ் சல்பேட்' என்று இருக்கும். அதுவும் இதுதான்.

இங்கே பிள்ளைகள் செய்யும் பெரிய தப்பு ஒன்று. அடைப்புக்குறிக்குள் இருக்கும் எண் இரும்பு அணுக்களின் எண்ணிக்கை என்று நினைத்துவிடுகிறார்கள். அது எண்ணிக்கை இல்லை, மின்சுமை. இரும்பு(3) குளோரைடில் இரும்பு ஒன்றே ஒன்றுதான்.

பெர்ரஸ், பெர்ரிக் என்று படிப்பது தப்பா?

தப்பில்லை, பழைய முறை. குறைந்த மின்சுமைக்கு 'அஸ்', கூடிய மின்சுமைக்கு 'இக்'. பெர்ரஸ் 2, பெர்ரிக் 3. குப்ரஸ் 1, குப்ரிக் 2. இதில் ஒரு குறை உண்டு. 'இக்' என்றால் கூடுதல் என்று தெரியுமே தவிர எவ்வளவு என்று தெரியாது. இரும்பில் அது 3, தாமிரத்தில் 2, வெள்ளீயத்தில் 4. ஒவ்வொன்றையும் தனியாக மனப்பாடம் செய்ய வேண்டும். ஆல்பிரட் ஸ்டாக் என்ற ஜெர்மானிய வேதியியலாளர் 1919-இல் மின்சுமையை நேரடியாக எண்ணாலேயே எழுதும் யோசனையைச் சொன்னார். என் பார்வையில் மாணவர்களுக்குக் கிடைத்த பெரிய உதவி அது.

எந்த உலோகங்களுக்கு எண் வேண்டும், எவற்றுக்கு வேண்டாம்?

சோடியம், பொட்டாசியம், வெள்ளி: 1. மெக்னீசியம், கால்சியம், துத்தநாகம்: 2. அலுமினியம்: 3. இவற்றுக்கு எண் வேண்டாம். இரும்பு, தாமிரம், பாதரசம், வெள்ளீயம், காரீயம், மாங்கனீசு, குரோமியம், கோபால்ட் இவற்றுக்கு வேண்டும்.

எண் மாறினால் அப்படி என்ன ஆகிவிடும்?

நம் ஊர் வைத்தியர்களைக் கேட்டால் உடனே சொல்வார்கள். சித்த மருத்துவத்தில் பூரம் என்றும் வீரம் என்றும் இரண்டு பாதரசச் சரக்குகள் உண்டு. வேதியியல் கண்ணோடு பார்த்தால் இரண்டுமே பாதரசமும் குளோரினும் சேர்ந்தவை. பூரம் பாதரசம்(1) குளோரைடு, வீரம் பாதரசம்(2) குளோரைடு. முதலாவது தண்ணீரில் ஏறக்குறைய கரையாது. இரண்டாவது கரையும், கொடிய நஞ்சு. ஓர் எண் வித்தியாசம்தான், ஆனால் ஒன்றின் இடத்தில் மற்றது போனால் ஆள் உயிர் போய்விடும். அணு, அயனி என்ற பேச்சே இல்லாத காலத்தில் இவை வெவ்வேறு பொருள் என்று அறிந்து வேறு வேறு பெயர் வைத்தவர்களை நினைத்தால் எனக்கு எப்போதும் மதிப்புதான். (இரண்டையும் யாரும் வீட்டில் கையாளக்கூடாது. பூரமும் பாதரசச் சேர்மம்தான்.)

பாதரசம்(1) அயனி தனியாக இருப்பதில்லை, இரண்டிரண்டாகக் கைகோத்துக்கொண்டிருக்கும். அதனால் பூரத்தின் வாய்ப்பாடு பாதரசம் 2, குளோரின் 2. இதை 1, 1 என்று சுருக்கிவிடாதீர்கள்.

சல்பைடு, சல்பைட், சல்பேட்: மூன்றும் ஒன்றுபோலக் கேட்கிறதே, எப்படிப் பிரிப்பது?

தமிழில் படிக்கும் பிள்ளைகளுக்கு இது மற்றவர்களைவிடக் கூடுதல் சிரமம் என்பதை ஆசிரியர்கள் ஒத்துக்கொள்ள வேண்டும். தமிழில் 'ட' ஒன்றுதான். அதை அழுத்திச் சொல்லும் ஒலிக்கும் மென்மையாகச் சொல்லும் ஒலிக்கும் தனித்தனி எழுத்து நம்மிடம் இல்லை. அதனால் சல்பைடுக்கும் சல்பைட்டுக்கும் நடுவே மிஞ்சுவது கடைசியில் வரும் ஒரு உகரம் மட்டும். வேகமாகப் பேசினால் அதுவும் காணாமல் போகும். நான் வகுப்பில் சொல்வது இதுதான்: எந்தப் பெயரை எழுதினாலும் பக்கத்தில் வாய்ப்பாட்டையும் எழுதுங்கள். காது ஏமாற்றினாலும் வாய்ப்பாடு ஏமாற்றாது.

பொருள் இப்படி. 'ஐடு' என்றால் அந்தத் தனிமம் மட்டும், ஆக்சிஜன் இல்லை. 'ஐட்', 'ஏட்' என்றால் ஆக்சிஜனும் கூட இருக்கிறது. 'ஏட்' என்பதில் அதிகம், 'ஐட்' என்பதில் ஒன்று குறைவு. சல்பைடு: சல்பர் மட்டும். சல்பைட்: சல்பர் 1, ஆக்சிஜன் 3. சல்பேட்: சல்பர் 1, ஆக்சிஜன் 4. மூன்றுக்கும் மின்சுமை கழித்தல் 2 என்பது ஒரு வசதி. நைட்ரைட்டில் ஆக்சிஜன் 2, நைட்ரேட்டில் 3, இரண்டுக்கும் மின்சுமை கழித்தல் 1. 'ஏட்' என்றால் எப்போதும் நான்கு ஆக்சிஜன் என்று நினைத்துவிடாதீர்கள். எத்தனை என்பது தனிமத்துக்குத் தனிமம் மாறும். பாஸ்பேட்டில் 4, கார்பனேட்டில் 3. இந்த ஏழெட்டு அயனிகளை மட்டும் மனப்பாடம் செய்துதான் ஆக வேண்டும். வேறு குறுக்குவழி இல்லை.

ஓர் எழுத்தில் எவ்வளவு மாறுகிறது என்று பாருங்கள். கால்சியம் பாஸ்பேட் நம் எலும்பில் இருக்கிறது. துத்தநாகப் பாஸ்பைடு எலி மருந்து. வயிற்று அமிலம் பட்டதும் பாஸ்பீன் என்ற நச்சு வாயுவை விடும். சோடியம் நைட்ரைட் பார்வைக்கு உப்பைப் போலவே இருக்கும், கொஞ்சம் கூடுதலாக உள்ளே போனால் ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் ஆக்கிவிடும்.

இன்னொன்று, உங்கள் சமையலறையிலேயே இருக்கிறது. அயோடின் சேர்த்த உப்புப் பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படியுங்கள். நம் நாட்டில் அதில் சேர்ப்பது பொட்டாசியம் அயோடேட், அயோடைடு இல்லை. நம்முடையது போன்ற ஈரக்காற்றும் வெயிலும் உள்ள இடத்தில் அயோடைடு சீக்கிரம் சிதைந்து அயோடின் ஆவியாகிப் போய்விடும். அயோடேட் தாக்குப்பிடிக்கும். வீட்டுக்கு வந்துசேரும் உப்பில் பத்து லட்சத்தில் 15 பங்காவது அயோடின் இருக்க வேண்டும் என்பது விதி.

'ஹைப்போ', 'பெர்' எப்போது வரும்?

ஆக்சிஜன் எண்ணிக்கை நான்கு படியாக மாறும்போது. குளோரினை வைத்துச் சொன்னால்: ஆக்சிஜன் 1 ஹைப்போகுளோரைட், 2 குளோரைட், 3 குளோரேட், 4 பெர்குளோரேட். மழைக்காலத்தில் கிணற்றில் போடும் பிளீச்சிங் பவுடரில் வேலை செய்வது கால்சியம் ஹைப்போகுளோரைட்.

சரி, சகப்பிணைப்புச் சேர்மங்களுக்கு என்ன விதி?

இரண்டு அலோகங்கள் எலக்ட்ரானைப் பங்குபோட்டுக்கொள்கின்றன. விட்டுக்கொடுத்தவர், வாங்கியவர் என்று மின்சுமைக் கணக்கு இங்கே கிடையாது. ஒரே இரண்டு தனிமங்கள் பல விகிதங்களில் சேரும். அதனால் எண்ணிக்கையைப் பெயரிலேயே சொல்கிறோம்: மோனோ 1, டை 2, ட்ரை 3, டெட்ரா 4, பென்டா 5, ஹெக்சா 6, ஹெப்டா 7, ஆக்டா 8, நோனா 9, டெக்கா 10. இரண்டாவது தனிமத்துக்கு இங்கேயும் 'ஐடு' ஈறுதான்.

நைட்ரஜனும் ஆக்சிஜனும்தான் இதற்கு நல்ல பயிற்சி. நைட்ரஜன் 2, ஆக்சிஜன் 1 என்றால் டைநைட்ரஜன் மோனாக்சைடு. பல் ஆஸ்பத்திரியில் வலி தெரியாமல் இருக்கத் தரும் சிரிப்பு வாயு. 1, 1 என்றால் நைட்ரஜன் மோனாக்சைடு; நம் ரத்தக்குழாய்களை விரித்துக்கொடுப்பது. 1, 2 என்றால் நைட்ரஜன் டை ஆக்சைடு. செம்பழுப்பு நிற நச்சு வாயு. 2, 3 டைநைட்ரஜன் ட்ரை ஆக்சைடு, 2, 4 டைநைட்ரஜன் டெட்ராக்சைடு, 2, 5 டைநைட்ரஜன் பென்டாக்சைடு. ஆறு பொருள், ஆறு குணம். எல்லாவற்றையும் 'நைட்ரஜன் ஆக்சைடு' என்று சொன்னால் சிரிப்பு வாயு கேட்டவருக்கு நச்சு வாயு கிடைத்துவிடும்.

நைட்ரஜன் டை ஆக்சைடும் டைநைட்ரஜன் டெட்ராக்சைடும் விகிதத்தில் ஒன்றுதான்: இரண்டிலும் ஒன்றுக்கு இரண்டு. ஆனால் மூலக்கூறு வேறு. அதனால்தான் சகப்பிணைப்புச் சேர்மத்தில் 2, 4 என்பதை 1, 2 என்று சுருக்கக்கூடாது. அயனிச் சேர்மத்தில் சுருக்கச் சொன்னேன், இங்கே வேண்டாம் என்கிறேன். முரண்பாடு போலத் தெரியும். அங்கே தனி மூலக்கூறு இல்லை, விகிதம் மட்டும் உண்டு. இங்கே மூலக்கூறு உண்டு, அதை அப்படியே எண்ணுகிறோம்.

மோனோ எப்போது போட வேண்டும்?

முதல் தனிமத்துக்குப் போட வேண்டாம். மோனோகார்பன் மோனாக்சைடு என்று யாரும் சொல்வதில்லை. இரண்டாவதுக்குப் போடுங்கள். ஆக்சைடுக்கு முன்னால் வரும்போது முன்னொட்டின் கடைசி உயிரொலி விழுந்துவிடும்: மோனோ ஆக்சைடு அல்ல, மோனாக்சைடு, பென்டா ஆக்சைடு அல்ல, பென்டாக்சைடு. டை, ட்ரை மட்டும் மாறாது.

எந்தத் தனிமத்தை முதலில் சொல்வது?

எலக்ட்ரானை இழுக்கும் வலு குறைந்தது முதலில், கூடியது கடைசியில். ஆக்சிஜன் பெரும்பாலும் கடைசியில்தான் வரும். புளோரினோடு சேரும்போது மட்டும் ஆக்சிஜனைவிடப் புளோரின் வலுவானது. அதனால் ஆக்சிஜன் டைபுளோரைடு.

தண்ணீரை டைஹைட்ரஜன் மோனாக்சைடு என்று எழுதினால் மார்க் உண்டா?

விதிப்படி சரியான பெயர்தான். ஆனால் தண்ணீர், அம்மோனியா, மீத்தேன் போன்றவற்றுக்குப் பழைய பெயரையே உலகம் முழுக்க ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள். அவற்றையே எழுதுங்கள். மீன்பிடித் துறைமுகங்களை அடுத்த ஐஸ் பேக்டரியில் குளிரூட்ட ஓடுவதும் அம்மோனியா, ரப்பர் பால் உறையாமல் இருக்கச் சேர்ப்பதும் அம்மோனியா. அங்கே போய் நைட்ரஜன் ட்ரைஹைட்ரைடு என்றால் ஒருவருக்கும் புரியாது.

உலோகத்துக்கு முன்னொட்டு கூடாது என்றீர்கள். மணவாளக்குறிச்சியில் டைட்டானியம் டை ஆக்சைடு என்கிறார்களே?

மணவாளக்குறிச்சிப் பிள்ளை ஒருத்தி கேட்ட கேள்வி இது. கேட்டவுடன் மகிழ்ச்சியாக இருந்தது, ஏனென்றால் அவள் விதியை உண்மையாகவே சோதித்துப் பார்த்திருக்கிறாள்.

அந்தக் கடற்கரை மணலில் இல்மனைட், ரூட்டைல், சிர்க்கான், மோனசைட், கார்னெட், சில்லிமனைட் என்ற கனிமங்கள் எல்லாம் கலந்திருக்கின்றன. மத்திய அரசு நிறுவனமான ஐ.ஆர்.இ.எல். (பழைய பெயர் இந்தியன் ரேர் எர்த்ஸ்) அவற்றைப் பிரித்தெடுக்கிறது. அதில் ரூட்டைல் என்பது டைட்டானியம் 1, ஆக்சிஜன் 2. நம் விதிப்படி டைட்டானியம்(4) ஆக்சைடு. வெள்ளைப் பெயின்ட் செய்பவர்களும் வியாபாரிகளும் டைட்டானியம் டை ஆக்சைடு என்பார்கள். இரண்டுமே சரி. சர்வதேச விதிகள் உலோகச் சேர்மத்துக்கும் முன்னொட்டு முறையை அனுமதிக்கின்றன. அப்போது ரோம எண் போடக்கூடாது, ஒன்று போதும். டார்ச் பேட்டரியில் வரும் மாங்கனீசு டை ஆக்சைடும் இப்படித்தான். 'உலோகத்துக்கு முன்னொட்டு கிடையாது' என்பது பள்ளியில் குழப்பம் வராமல் இருக்க வைத்துக்கொண்ட எளிய விதி. பரீட்சையில் அதைப் பின்பற்றுங்கள். வெளியே வேறு மாதிரி பார்த்தால் திகைக்க வேண்டாம்.

உண்மையைச் சொன்னால் உலோகம் வந்தாலே அயனிப் பிணைப்பு என்பதும் ஓர் எளிமைப்படுத்தல்தான். மேலே சொன்ன வீரம், அதாவது பாதரசம்(2) குளோரைடு, பெரும்பாலும் சகப்பிணைப்புக் குணம் கொண்டது. பெயர் மட்டும் அயனிச் சேர்ம முறையில்.

துரிசு என்பதன் வேதிப்பெயர் என்ன?

மயில்துத்தம் என்றும் சொல்வார்கள். காப்பர்(2) சல்பேட் பென்டாஹைட்ரேட். கடைசியில் வரும் பென்டா, படிகத்துக்குள் ஒரு காப்பர் சல்பேட்டுக்கு ஐந்து தண்ணீர் மூலக்கூறு இருப்பதைச் சொல்கிறது. அந்த ஐந்தை மின்சுமையை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது, அதனால் பெயரில் சொல்ல வேண்டியிருக்கிறது. நன்றாகச் சூடாக்கினால் தண்ணீர் போய் நீலம் மறைந்து வெள்ளைப் பொடி ஆகும். ஒரு துளி தண்ணீர் விட்டால் நீலம் திரும்பி வரும். பள்ளி ஆய்வகத்தில் பிள்ளைகள் வாய்விட்டு ஆச்சரியப்படுவது இந்தச் சோதனைக்குத்தான்.

கமுகுக்கும் மிளகுக் கொடிக்கும் தெளிக்கும் போர்டோ கலவைக்கு 1 கிலோ துரிசு, 1 கிலோ சுட்ட சுண்ணாம்பு, 100 லிட்டர் தண்ணீர். ஒருமுறை எங்கள் வீட்டில் ஒரு கடைக்கு ஆளனுப்பி 'துத்தம்' என்று மட்டும் சொல்லிவிட்டோம். வந்தது வெள்ளைத் துத்தம். அது துத்தநாகச் சல்பேட், போர்டோ கலவைக்கு ஆகாது. நிறத்தைப் பார்த்தே கண்டுபிடித்துத் திருப்பினோம். 'காப்பர் சல்பேட்' என்று சீட்டில் எழுதிக் கொடுத்திருந்தால் அந்த நடை மிச்சம்.

சுண்ணாம்பு, சோடா போன்ற பெயர்களை ஏன் பரீட்சையில் எழுதக்கூடாது?

ஒரே சொல் பல பொருளைக் குறிப்பதால். கடற்கரையில் பொறுக்கும் சிப்பி கால்சியம் கார்பனேட். அதைச் சூளையில் சுட்டால் கால்சியம் ஆக்சைடு. தண்ணீர் ஊற்றினால் கொதித்துப் பொரிந்து கால்சியம் ஹைட்ராக்சைடு. அக்கானி (பதநீர்) புளிக்காமல் இருக்கக் கலயத்தில் தடவுவது இது. சுவரில் அடித்தபின் காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை வாங்கிக்கொண்டு மறுபடி கால்சியம் கார்பனேட் ஆகிவிடும். சிப்பிக்குப் பின்னால் சொன்ன இந்த மூன்றையுமே நாம் சுண்ணாம்பு என்றுதான் சொல்கிறோம்.

சோடா இன்னும் மோசம். ஆப்ப சோடா சோடியம் ஹைட்ரஜன் கார்பனேட், மாவில் போடலாம். சலவை சோடா சோடியம் கார்பனேட், துணிக்கு. காஸ்டிக் சோடா சோடியம் ஹைட்ராக்சைடு, தோலை வெந்துபோகச் செய்யும். பெட்டிக்கடையில் குடிக்கும் சோடா கார்பன் டை ஆக்சைடு கரைந்த தண்ணீர், அதில் சோடியமே தேவையில்லை. அடைத்துவைத்த டப்பாவின் மேல் 'சோடா' என்று மட்டும் எழுதி வைக்காதீர்கள்.

அமிலங்களுக்கு?

எதிர் அயனியின் ஈற்றைப் பாருங்கள். 'ஐடு' என்றால் ஹைட்ரோ...இக்: குளோரைடிலிருந்து ஹைட்ரோகுளோரிக் அமிலம். 'ஏட்' என்றால் 'இக்': சல்பேட்டிலிருந்து சல்பியூரிக், நைட்ரேட்டிலிருந்து நைட்ரிக். 'ஐட்' என்றால் 'அஸ்': நைட்ரைட்டிலிருந்து நைட்ரஸ். தண்ணீரில் கரைக்காமல் வாயுவாகவே இருக்கும்போது ஹைட்ரஜன் குளோரைடு என்றே சொல்ல வேண்டும்.

குலசேகரம் பக்கம் ரப்பர் பாலை உறையவைத்து ஷீட் அடிக்க ஊற்றும் பார்மிக் ஆசிட் இந்த வரிசையில் வராது. அது கரிமச் சேர்மம், அதற்குத் தனி முறை. அந்த முறைப்படி மெத்தனாயிக் அமிலம்.

தாமிரம் என்று எழுதவா, காப்பர் என்று எழுதவா?

உங்கள் பாடப்புத்தகம் எதை எழுதியிருக்கிறதோ அதை. ஒரே விடைத்தாளில் ஒரு இடத்தில் வெள்ளி நைட்ரேட், இன்னொரு இடத்தில் சில்வர் நைட்ரேட் என்று மாற்றாதீர்கள்.

மோனசைட்டுக்கு இந்த விதிப்படி பெயர் சொல்ல முடியுமா?

முழுதாக முடியாது. 1909-இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானிய வேதியியலாளர் மணவாளக்குறிச்சி மணலில் இதைக் கண்டறிந்த பிறகுதான் நம் கடற்கரை உலகத்துக்குத் தெரிந்தது. இது ஒரு தனிச் சேர்மம் அல்ல. பாஸ்பேட் அயனிகளுக்கு நடுவே சீரியம், லாந்தனம், நியோடைமியம், தோரியம் எல்லாம் இடம் பங்குபோட்டு உட்கார்ந்திருக்கும் கனிமம். எந்த உலோகம் எவ்வளவு என்பது இடத்துக்கு இடம் மாறும். மாறுவதற்கு ஒரே பெயர் வைக்க முடியாது என்பதால் கனிமப் பெயரையே வைத்துக்கொள்கிறோம்.

ஆனால் அதிலுள்ள ஒரு பங்கை மட்டும் எடுத்தால் முடியும். சீரியத்தின் மின்சுமை கூட்டல் 3, பாஸ்பேட் கழித்தல் 3. ஒன்றுக்கு ஒன்று. பெயர் சீரியம்(3) பாஸ்பேட். தோரியம் எப்படி உள்ளே நுழைகிறது என்று அடுத்த கேள்வி வரும், ஏனென்றால் தோரியத்துக்குக் கூட்டல் 4, ஒன்று அதிகம். அது பல நேரம் கால்சியத்தைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு வருகிறது. தோரியம் 4, கால்சியம் 2, மொத்தம் 6. இரண்டு சீரியம் சேர்ந்தாலும் அதே 6. ஆக இரண்டு சீரியத்தின் இடத்தில் ஒரு தோரியமும் ஒரு கால்சியமும் கணக்குப் பிசகாமல் உட்கார்ந்துவிடும்.

அப்படித் தோரியமும் கால்சியமும் நிறைந்த கனிமம் ஒன்றைப் பழைய திருவிதாங்கூர்ப் பகுதியில் கண்டெடுத்து, 1953-இல் சேர நாட்டின் பெயரால் சேரலைட் என்று பெயரிட்டார்கள். அதன் தூய வாய்ப்பாடு கால்சியம் 1, தோரியம் 1, பாஸ்பேட் 2. வேதிப்பெயர் கால்சியம் தோரியம் பாஸ்பேட். எண் எதுவும் இல்லாமலே பாஸ்பேட் இரண்டுதான் என்று எப்படித் தெரிகிறது என்பதைப் பேப்பரும் பேனாவும் எடுத்து நீங்களே போட்டுப் பாருங்கள்.